4-3-3ஆ, 4-4-2ஆ? வியர்வையைக் கேட்டுச் சொல்லுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு. தெப்ராவில் எங்கள் தாமானுக்குப் பக்கத்திலுள்ள மாமாக் கடை. மேசையில் பதினொரு பல்குச்சிகள். தே தாரிக் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நாங்கள் நான்கு பேர் அந்தக் குச்சிகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தோம். மறுநாள் மாலை எங்கள் காற்பந்துக் குழுவுக்கு ஆட்டம். நீங்களும் காற்பந்து ஆடுபவரானால் இந்தக் காட்சி புதிதாக இருக்காது. உங்கள் மேசையில் குச்சிக்குப் பதிலாக அழிப்பானும் பேனா மூடியும் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அன்று நாங்கள் தேர்ந்தெடுத்த வியூகம் 3-5-2. தற்காப்பில் மூவர், நடுத்திடலில் ஐவர், முன்னால் இருவர். ஐரோப்பியக் குழு ஒன்று அப்படி ஆடி எதிரணியைத் திணறடித்ததை அந்த வாரம்தான் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். நடுத்திடலில் நம் ஆள் அதிகம், பந்து நம்மிடமே இருக்கும் என்று நினைத்தோம். குச்சிகள் மிக அழகாக நின்றன.

ஆட்டம் மாலை 4.30க்குத் தொடங்கியது. முதல் பாதி 1-1. இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். வலது ஓரத்தில் ஆடிய பதினாறு வயதுத் தம்பி, பந்து தன் பக்கம் உருண்டு வருவதைப் பார்த்தும் அசையாமல் நின்றான். பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். ஓடிப் போனேன். "அண்ணே, கண்ணு இருட்டுது" என்றான். அடுத்த நிமிடம் வாந்தி. நிழலுக்குத் தூக்கிக்கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறி, பிறகு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, இரவுக்குள் தேறிவிட்டான். ஆட்டத்தில் 1-5 என்று தோற்றோம். நான்கு கோல்களும் கடைசி அரை மணி நேரத்தில் விழுந்தவை.

"பையனுக்குத் தெம்பு போதவில்லை" என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். ஆனால் அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தப்பு அவன் காலில் இல்லை, எங்கள் குச்சிகளில் இருந்தது என்று புரிந்தது. அந்தக் கணக்குக்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

கூட்டினால் பத்து

வியூக எண்களைக் கூட்டிப் பாருங்கள். 4, 4, 2: பத்து. 4, 3, 3: அதுவும் பத்து. கோல் காவலரை இந்த எண்களில் சேர்ப்பதில்லை. எந்த வியூகத்தை எடுத்தாலும் ஓர் ஆள்கூட அதிகமாகக் கிடைக்கப்போவதில்லை. நடுவில் ஒருவரைக் கூட்டினால் வேறெங்கோ ஓரிடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தை யாராவது ஓடித்தான் நிரப்ப வேண்டும். அதனால் வியூகத்தை நான் இப்போது வேலைப் பட்டியலாகத்தான் பார்க்கிறேன். யார், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை அது எழுதித் தந்துவிடுகிறது.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் நடந்தும் ஓடியும் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கிறார். பொதுவாக நடுத்திடல் ஆட்டக்காரர்கள் அதிகம் கடக்கிறார்கள். நடுவில் நிற்கும் தற்காப்பாளர்கள் குறைவாகக் கடக்கிறார்கள். முழுவேக ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஓரங்களில் ஆடுபவர்களுக்குத்தான் பங்கு அதிகம்.

இப்போது எங்கள் 3-5-2க்கு வருவோம். இதில் திடலின் ஒவ்வோர் ஓரத்துக்கும் ஒரே ஆள்தான். தாக்கும்போது அவர் முன்னால் போக வேண்டும்; பந்து பறிபோனதும் தன் கோல் பக்கம் திரும்பி ஓடிவர வேண்டும். ஓர் ஆட்டத்தில் 30 முறை அப்படிப் போய்வருகிறார், ஒவ்வொரு முறையும் போக 60 மீட்டர், வர 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 × 120 = 3,600 மீட்டர். அதே ஓரத்தை 4-4-2 வியூகத்தில் இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பின்பாதி, மற்றவர் முன்பாதி. ஆளுக்குப் போக 30, வர 30. மொத்தம் 1,800 மீட்டர். மற்ற ஓட்டங்களை விட்டுவிடுவோம். இந்த ஒரு வேலையில் மட்டும் எங்கள் தம்பிக்கு 1.8 கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். அதுவும் மெதுவோட்டமாக இல்லை.

ஒரு கிலோமீட்டர், ஒரு டிகிரி

1.8 கிலோமீட்டர் பெரிய தூரமா என்று கேட்பீர்கள். குளிரூட்டிய அறையில் பெரிதில்லைதான். தெப்ராவில், சனிக்கிழமை மாலை 5 மணிக்கு?

ஒருவர் ஓடும்போது அவர் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. அதாவது 4.2 கிலோஜூல். 50 கிலோ எடையுள்ள மாணவர் 1 கிலோமீட்டர் ஓடினால் 210 கிலோஜூல். நம் தசைகள் அவ்வளவு சிக்கனமான இயந்திரங்கள் அல்ல. எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகிவிடுகிறது. ஆகவே 168 கிலோஜூல் வெப்பம் உடலுக்குள்ளேயே பிறக்கிறது.

மனித உடலின் தன்வெப்பக் கொள்ளளவு, ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். 50 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க 175 கிலோஜூல் போதும். பிறந்ததோ 168. வெப்பம் வெளியே போக வழியே இல்லையென்றால், ஒரு கிலோமீட்டர் ஓட்டம் உடலை ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாக்கும்! 37 டிகிரியில் தொடங்கும் உடல் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூன்று கிலோமீட்டரில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். முடிவதில்லையே, ஏன்?

வியர்வைதான் காரணம். நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. படிவம் 4 இயற்பியலில் 'ஹபா பெண்டாம்' என்று படிப்பீர்களே, அதேதான். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டு நீங்கும். 168ஐ 2.4ஆல் வகுத்துப் பாருங்கள்: 70 கிராம். ஐந்து மேசைக்கரண்டி வியர்வை ஆவியானால் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தின் வெப்பம் தீர்ந்தது.

'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூக்கு நுனியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உங்களைக் குளிர்விப்பதில்லை. அது வீணாய்ப் போன தண்ணீர். தோலின்மேல் இருந்தபடியே ஆவியாக வேண்டும். ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு 1.5 டிகிரி வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது. காற்றில் நீராவி எப்போதும் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவது மந்தமாகிவிடுகிறது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், உடல் குளிராது. வறண்ட ஊரில் 35 டிகிரியில் ஆடுபவரைவிட இங்கே 32 டிகிரியில் ஆடுபவர் அதிகம் திணறுவது இதனால்தான். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவும் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை என்ற அளவையே பார்க்கிறது. அது 32 டிகிரியை எட்டினால் ஆட்டத்தின் நடுவே நீர் அருந்த இடைவேளை விட வேண்டும் என்பது அதன் வழிகாட்டல்.

இதை நம் முன்னோர் கருவியில்லாமலே அறிந்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இன்றைக்குத் தாமான்கள் நிற்கும் இந்தப் பக்கத்தில் முன்பு பால்மரமும் செம்பனையும்தான். பால்மரம் சீவும் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். மரத்துக்கும் அதுவே நல்ல நேரம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்குமுன் மரத்தின் உள் அழுத்தம் அதிகமாக இருக்கும். பால் நன்றாக வடியும். மனிதனும் மரமும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாங்கள்தான் திடல் காலியாக இருக்கிறதே என்று 4.30க்கு ஆட்டம் வைத்தோம்.

தம்பியின் கணக்கை முடித்துவிடுவோம். கூடுதல் 1.8 கிலோமீட்டர் என்றால் கூடுதலாக ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பம். அதை வெளியேற்ற 125 கிராம் வியர்வை முழுதாக ஆவியாக வேண்டும். பத்துப் பேரில் அவனுக்கும் இடது ஓரத்தில் ஆடியவருக்கும் மட்டும் இந்தச் சுமை. இடது ஓரத்தில் ஆடியவர் பயிற்சி பெற்ற 24 வயதுக்காரர், தாக்குப்பிடித்தார்.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தலைசுற்றல், வாந்தி, திடீரென நடுக்கம் வந்தால் உடனே ஆட்டத்தை விட்டு வெளியே வந்து நிழலில் உடலைக் குளிர்வியுங்கள். நண்பர் உளறினால், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், மயங்கினால், 999ஐ அழையுங்கள். உதவி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

தாழ்ப்பாள் போட்ட ரப்பான்

இதே சிக்கலை 1930களில் ஒருவர் சந்தித்திருக்கிறார். அவர் ஊரில் வெயில் தொல்லை இல்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் நம்மைப் போன்றவர்கள்.

கார்ல் ரப்பான் வியன்னாவில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் ஜெனிவாவில் செர்வெத் குழுவுக்கு ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் சேர்ந்தார். அங்கே காற்பந்து அப்போது முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுபவர்களே பெரும்பாலோர். முழுநேரத் தொழில்முறைக் குழுக்களோடு ஒருவருக்கு ஒருவர் என்று ஓடினால் தன் ஆட்கள் தோற்பார்கள் என்பது ரப்பானுக்குத் தெரியும். பயிற்சி கொடுத்து அவர்களை ஒரே ஆண்டில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆக்கவும் முடியாது. மாற்ற முடிந்தது வேலைப் பட்டியலை மட்டுமே.

அக்காலத்தில் பரவலாக இருந்த வியூகம் 2-3-5. ஆமாம், பின்னால் இருவர்தான், முன்னால் ஐவர்! படித்துச் சிரிக்காதீர்கள், அன்றைய ஆப்சைட் விதிக்கு அது பொருந்தியது. தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 1925இல் அதை இருவராகக் குறைத்தார்கள். இங்கிலாந்து லீகில் முந்தைய பருவத்தில் விழுந்த கோல்கள் 4,700. விதி மாறிய பருவத்தில் 6,373. ஆட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை. பின்னால் இருவர் போதவில்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆர்சனல் குழுவின் ஹெர்பர்ட் சாப்மன் நடுவிலிருந்த ஒருவரைத் தற்காப்புக்கு இழுத்து மூவராக்கினார்.

ரப்பான் இன்னும் ஒரு படி போனார். நடுத்திடலின் இரு ஓரங்களில் நின்றவர்களைப் பின்னுக்கு இழுத்து எதிரணியின் ஓரத் தாக்குதல்காரர்களைக் கவனிக்கச் சொன்னார். ஏற்கெனவே பின்னால் இருந்த இருவரை உள்ளே நகர்த்தினார். அந்த இருவரில் ஒருவர் எதிரணியின் நடு ஆட்டக்காரரைப் பார்த்துக்கொள்வார். மற்றவர் யாரையும் துரத்தாமல் எல்லாருக்கும் பின்னால் நின்று, தப்பி வருவதைத் துடைத்தெடுப்பார். பந்து பறிபோனால் முன்னால் இருப்பவர்களும் எதிராளியைத் துரத்திக்கொண்டிருக்காமல் பின்வாங்கித் தங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். நடுத்திடலை எதிரணிக்கே விட்டுக்கொடுப்பார்கள். 'எங்களைத் தாண்டிப் போய்ப் பார்' என்ற ஆட்டம் அது. பிரெஞ்சு மொழியில் இதற்கு 'வெரூ' என்று பெயர் வந்தது. வெரூ என்றால் தாழ்ப்பாள்.

பின்னால் நிற்கும் அந்த ஒருவர்தான் கணக்கின் சாவி. அவர் இல்லாவிட்டால் ஒரு தற்காப்பாளர் ஏமாந்ததும் மற்ற மூவரும் முழுவேகத்தில் திரும்பி ஓட வேண்டும். அவர் இருந்தால் ஒருவர் நாலடி நகர்ந்தாலே போதும். ஓட்டத்தைச் சேமிக்க ஓர் ஆளைச் செலவழித்தார் ரப்பான்.

1938இல் சுவிஸ் தேசியக் குழுவின் பயிற்றுநராக இருந்தவர் ரப்பான்தான். அந்த மே மாதம் 14ஆம் தேதி பெர்லினில் ஜெர்மனியை 6-3 என்று நொறுக்கியிருந்தது இங்கிலாந்து. ஒரு வாரம் கழித்து அதே இங்கிலாந்து சூரிச்சுக்கு வந்து சுவிஸ் குழுவிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த மாதம் பிரான்சில் உலகக் கிண்ணம். முதல் சுற்றில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஜெர்மனி. ஆஸ்திரியாவை ஹிட்லர் அப்போதுதான் விழுங்கியிருந்ததால் ஆஸ்திரியாவின் ஆட்டக்காரர்களும் ஜெர்மன் சட்டையில் இருந்தார்கள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1-1. ஜூன் 9 அன்று பாரிசில் மறு ஆட்டம். 22 நிமிடத்துக்குள் ஜெர்மனி 2-0 முன்னிலை. அதன் பிறகு சுவிஸ் தாழ்ப்பாள் திறக்கவே இல்லை. வாலாஷெக் ஒரு கோல், பிக்கெல் ஒரு கோல், 75, 78ஆம் நிமிடங்களில் அபெக்லென் இரண்டு கோல். 4-2. கடைசி அரை மணி நேரத்தில் மூன்று கோல் அடித்தது வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடும் நாட்டின் குழு.

கதையை இத்துடன் நிறுத்தினால் அறிவியல் பகுதிக்குத் துரோகம். மூன்றே நாள் கழித்துக் காலிறுதியில் ஹங்கேரி சுவிட்சர்லாந்தை 2-0 என்று வென்றது. ஹங்கேரி அதற்கு முன் ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருந்தது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளை, அதாவது இன்றைய இந்தோனேசியாவை, 6-0 என்று வென்ற ஆட்டம் அது. சுவிஸ் குழுவின் கால்களில் அதற்குள் 210 நிமிட ஆட்டம் ஏறியிருந்தது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; ஹங்கேரி இறுதியாட்டம் வரை போன நல்ல குழு. ஆனால் எந்தத் தாழ்ப்பாளாலும் தசைக்கு ஓய்வு தர முடியாது.

பதினொரு மீட்டர் கட்டம்

பின்வாங்கி நெருங்கி நின்றால் ஓட்டம் எப்படிக் குறைகிறது? ஒரு சின்ன வடிவியல். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் உள்ள திடல். பரப்பளவு 6,400 சதுர மீட்டர். பத்துப் பேரும் திடல் முழுவதும் பரவி நின்றால் ஆளுக்கு 640 சதுர மீட்டர். அதை ஒரு சதுரமாக நினைத்தால் பக்கம் 25 மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் நிற்பவர் மூலைக்குப் போக 18 மீட்டர் ஓட வேண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 3.6 நொடி. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் உருளும் பந்து அதே தூரத்தை 1.5 நொடியில் கடந்துவிடும். பந்து எப்போதோ போய்விட்டது. நீங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

அதே பத்துப் பேர் 40 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்துக்குள் நெருங்கி நிற்கட்டும். 1,200 சதுர மீட்டர். ஆளுக்கு 120. சதுரத்தின் பக்கம் 11 மீட்டர். மூலைக்கு எட்டு மீட்டர்கூட இல்லை. ஒன்றரை நொடியில் போய்விடலாம்.

மிச்சமிருக்கும் 5,200 சதுர மீட்டரை யார் பார்ப்பது? யாரும் பார்ப்பதில்லை. அதுதான் இதன் விலை. எதிரணி தன் பக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கும். ஓரத்திலிருந்து நீளமான பந்து வந்தால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் நகர வேண்டும். பார்க்க வருபவர்கள் "ஏன்பா பயந்து நிக்கிறீங்க?" என்று கத்துவார்கள். எங்களுக்கும் கத்தினார்கள்.

ஆறு ஓட்டம், ஒரு கடிகாரம்

சரி, உங்கள் குழுவுக்கு எது? குச்சிகளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விடியற்காலை நேரமே நல்லது. 30 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். உடலைச் சூடாக்கிக்கொண்ட பிறகு ஒவ்வொருவரும் அந்தத் தூரத்தை முழுவேகத்தில் ஆறு முறை ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே 30 நொடி ஓய்வு. கைப்பேசியிலுள்ள கடிகாரம் போதும். முதல் ஓட்டத்தையும் ஆறாவது ஓட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் முதலில் 4.6 நொடி, கடைசியில் 5.5 நொடி. அதாவது 20 விழுக்காடு சரிவு. இன்னொருவர் 5.0 நொடியில் தொடங்கி 5.2 நொடியில் முடிக்கிறார், 4 விழுக்காடுதான். முதலாமவரைத்தான் எல்லாரும் 'வேகக்காரன்' என்று ஓரத்தில் போடுவார்கள். நாங்கள் எங்கள் தம்பியைப் போட்டதும் அப்படித்தான்.

சரிவுக்குக் காரணம் தசையிலுள்ள கிரியாட்டின் பாஸ்பேட் என்ற பொருள். முழுவேக ஓட்டத்தின் முதல் சில நொடிகளுக்கு உடனடி ஆற்றல் தருவது அதுதான். கையிருப்பு மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓய்வெடுத்தால் மீண்டும் நிரம்பும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி, முழுதாக நிரம்ப மூன்று நான்கு நிமிடங்கள். நிரப்பும் வேலைக்கு ஆக்சிஜன் தேவை என்பதால், மூச்சுத் திறன் நன்றாக உள்ளவருக்குச் சீக்கிரம் நிரம்பும். ஒரே மூச்சில் முன்னால் ஓடி, பந்தை இழந்து, உடனே திரும்பி ஓடிவரும் வேலையில் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை. ஆகவே 4.6 நொடிக்காரரை முன்னால் நிறுத்துங்கள். அங்கே ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே நிற்க நேரம் உண்டு. 5.2 நொடிக்காரர் நடுத்திடலில் நாள் முழுக்க உழைப்பார். வேகம் குறைந்தாலும் பந்து வரும் திசையை முன்கூட்டியே கணிப்பவர் யாராவது உங்கள் குழுவில் இருப்பார். தற்காப்பின் கடைசி ஆளாக அவரைவிட நல்லவர் கிடைக்கமாட்டார். ரப்பானின் தாழ்ப்பாளும் அதுதானே.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்த வியூகப் புத்தகமும் சொல்வதில்லை: சனிக்கிழமை யார் வருவார்கள்? எங்கள் குழுவில் நால்வர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். பாலத்தைத் தாண்ட அதிகாலை ஐந்து மணிக்குமுன் கிளம்பி இரவு திரும்புபவர்கள். இருவருக்குப் பாசிர் கூடாங்கில் மாற்று நேர வேலை. மற்றவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். 3-5-2இல் ஓரத்தில் ஆடுவதற்கென்றே தேறிய இருவர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் வியூகமே சரிந்துவிடும். 4-4-2 அப்படியில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களின் வேலை ஒன்றுபோல இருப்பதால் ஒருவரை நகர்த்தி இன்னொருவர் இடத்தை நிரப்பலாம். ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தொழில்முறைக் குழுக்கள் பல இதை விட்டு வேறு வியூகங்களுக்குப் போய்விட்டன என்பது உண்மைதான். அவர்களுக்கு அதிகாலைப் பேருந்து இல்லை.

நம் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவை நேசிக்காதவர் இந்தப் பக்கத்தில் உண்டா? 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தான் தலைநகர் டுஷான்பேயில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கொண்டுவந்தார்களே! தென்கிழக்காசியாவிலிருந்து அதை வென்ற முதல் குழு அவர்கள்தான். அவர்களைப் பார்த்து ரசியுங்கள், பந்தை வாங்கும்போது உடல் எப்படித் திரும்புகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். வியூகத்தை மட்டும் அப்படியே எடுத்துவராதீர்கள். அது ஆண்டு முழுவதும் அதற்காகவே பயிற்சி செய்து, உண்டு, உறங்கும் உடல்களுக்காகப் போட்ட வேலைப் பட்டியல்.

நாங்கள் இப்போது 4-4-2க்கு மாறிவிட்டோம். அதிலும் முன்னால் இருக்கும் இருவரில் ஒருவர், பந்து இல்லாதபோது நடுத்திடலுக்கு இறங்கிவிடுவார். ஓரத்தில் ஆடுபவரும் தற்காப்பில் இருப்பவரும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஆட்டத்தை 5.30க்குத் தள்ளினோம். நீர் இடைவேளை பாதிக்கு ஒன்று. இளையோர், அடித்தள நிலை ஆட்டங்களில், அந்தந்தச் சங்கம் ஒப்புக்கொண்டால், வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வரலாம் என்று காற்பந்து விதிகளே இடம் தருகின்றன. பல குழுக்கள் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை. நாங்கள் கேட்டோம்; கிடைத்தது. பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து வருபவர் புது ஆள் மாதிரி ஓடுகிறார்.

அதற்குப் பின் முதல் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம். அடுத்தது 0-0, பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவதில் 2-1 என்று வென்றோம். வெற்றி கோல் 83ஆம் நிமிடத்தில், எதிரணியின் ஓர ஆட்டக்காரர் திரும்பி ஓட முடியாமல் இடுப்பில் கைவைத்து நின்றபோது விழுந்தது. அவரைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் தம்பிதான் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் இப்போது முன்னால் ஆடுகிறான்.

வரும் சனிக்கிழமை இருவருக்கு இரவு வேலை, ஒருவருக்குத் தேர்வு. கோல் காவலரோடு பத்துப் பேர்தான் உறுதி. ஏழு பேருக்குக் குறையாமல் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. ஆகவே ஆடத்தான் போகிறோம். மாமாக் கடை மேசையில் குச்சிகள் 4-4-1 என்று நிற்கின்றன. அந்த ஒற்றைக் குச்சியாக யாரை நிறுத்துவது என்று இன்னும் முடிவாகவில்லை.